இரண்டு லேப்டாப், இரண்டு மானிட்டர், ஒரே டாக்: எதைப் பார்த்து வாங்குவது?

எனக்கு வந்த கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 65 வாட் சார்ஜரோடு ஆபீஸ் கொடுத்த விண்டோஸ் லேப்டாப் ஒன்று, எம்2 சிப் உள்ள சொந்த மேக்புக் ஏர் ஒன்று. மேசையில் இரண்டு 4கே மானிட்டர்கள். பெட்டியில் 'யுனிவர்சல்' என்றும் 'இரண்டு 4கே' என்றும் போட்டிருந்த ஒரு யுஎஸ்பி-சி டாக்கை, அதாவது லேப்டாப்பின் ஒரே போர்ட்டிலிருந்து மானிட்டர், கீபோர்டு எல்லாவற்றுக்கும் இணைப்பைப் பிரித்துக் கொடுக்கும் கருவியை, வாங்கியாயிற்று. அதற்கெனத் தனிச் சார்ஜர் கிடையாது. விண்டோஸில் இரண்டு திரையும் வருகின்றன, ஆனால் மவுஸ் அம்பு இழுத்து இழுத்து நகர்கிறது. மேக்கிலோ இரண்டு திரையிலும் ஒரே படம். மீட்டிங் நேரத்தில் சார்ஜர் செருகியிருந்தும் பேட்டரி மெல்ல இறங்குகிறது. டாக் பழுதா? வேறு எதை வாங்கலாம்? எப்படி அமைப்பது?

டாக் பழுதாகவில்லை. மூன்று குறைகளுக்கும் மூன்று தனித்தனிக் காரணங்கள் இருக்கின்றன, அந்த ரகத்தில் எந்த டாக்கை வாங்கியிருந்தாலும் இதே கதைதான். 'யுனிவர்சல்' என்ற சொல்லுக்கு 'இந்தச் செருகி உங்கள் லேப்டாப்பில் நுழையும்' என்பதற்கு மேல் பெரிய பொருள் கிடையாது. நுழைந்த பிறகு என்ன நடக்கும் என்பதைப் பெரும்பாலும் லேப்டாப்தான் முடிவு செய்கிறது. எனவே கடையில் டாக்கைப் பார்ப்பதற்கு முன்னால் லேப்டாப்பின் போர்ட்டைப் பார்க்க வேண்டும். நம்மில் முக்கால்வாசிப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். நானும் முதல் டாக்கை அப்படித்தான் வாங்கினேன்.

யுஎஸ்பி-சி என்பது 2014இல் வந்த ஒரு செருகியின் வடிவம், அவ்வளவுதான். அதற்குள் 24 பின்கள் இருக்கின்றன. வேகமாகத் தரவு ஓடுவதற்கு நான்கு தடங்கள், பழைய யுஎஸ்பி 2.0க்குத் தனிப் பின்கள், மின்சாரத்துக்குத் தனிப் பின்கள். அந்த நான்கு தடங்களில் என்ன ஓடலாம் என்பது லேப்டாப்பைச் செய்தவர் விட்ட வழி. சில போர்ட்டுகளில் வெறும் தரவு மட்டும் ஓடும். அதில் எந்த டாக்கைச் செருகினாலும் சாதாரண வழியில் படம் வராது. சிலவற்றில் டிஸ்ப்ளேபோர்ட் என்ற முறையில் மானிட்டருக்கான படமும் சேர்ந்து ஓடும். இன்னும் சில, தரவையும் படத்தையும் மிக வேகமாகச் சேர்த்துக் கடத்தும் தண்டர்போல்ட் அல்லது யுஎஸ்பி4. வெளியே பார்த்தால் மூன்றும் ஒரே அச்சு. ஒரே லேப்டாப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு போர்ட்டுகள்கூட வேறு வேறாக இருக்கலாம்.

போர்ட் பக்கத்தில் சின்னக் குறி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கீழ்முனையில் அம்பு உள்ள மின்னல் என்றால் தண்டர்போல்ட். 'டி' எழுத்தோடு 'பி' பிணைந்த குறி இருந்தால் படம் வெளியே வரும். பேட்டரியோ பிளக்கோ வரைந்திருந்தால் அதன் வழியாக லேப்டாப் சார்ஜ் ஆகும். அம்பில்லாத மின்னலைப் பார்த்து ஏமாறாதீர்கள். போனை வேகமாகச் சார்ஜ் செய்யும் போர்ட் என்பதற்குச் சிலர் அதைப் போடுகிறார்கள். குறியே இல்லையென்றால் மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தைத் தேடுவதுதான் வழி. உங்கள் மேக்கில் குறி எதுவும் இருக்காது, ஆனால் இரண்டு போர்ட்டுகளுமே தண்டர்போல்ட்தான்.

சரி, விண்டோஸில் அம்பு ஏன் இழுக்கிறது? திரைக்கு விநாடிக்கு 60 முறை வர வேண்டிய படம் 30 முறைதான் வருகிறது. கொஞ்சம் கணக்குப் போட்டால் காரணம் விளங்கும். 4கே திரையில் 3840க்கு 2160, அதாவது கிட்டத்தட்ட 83 லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 24 பிட், விநாடிக்கு 60 தடவை. இடைவெளி நேரத்தையும் சேர்த்தால் விநாடிக்கு ஏறத்தாழ 12.5 ஜிகாபிட் வேண்டும். சாதாரண யுஎஸ்பி-சி டாக், நான்கு தடங்களில் இரண்டைப் படத்துக்குக் கொடுத்து, மீதி இரண்டை யுஎஸ்பி 3 சாதனங்களுக்கு வைத்துக்கொள்கிறது. டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேகத்தில் இரண்டு தடங்களில் உருப்படியாகப் போவது 8.64 ஜிகாபிட், ஒரு 4கே திரைக்கே 60 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 60 முறை) கிடைக்காது. 1.4 வேகத்தில் 12.96 ஜிகாபிட்; ஒரு திரைக்கு 60 ஹெர்ட்ஸ், அல்லது இரண்டு திரைக்குத் தலா 30. உங்களுக்குக் கிடைப்பது இந்தக் கடைசிக் கணக்கு. பெட்டியில் 'இரண்டு 4கே' என்று எழுதியது பொய்யில்லை, பக்கத்தில் இருந்த '30 ஹெர்ட்ஸ்' மட்டும் பொடி எழுத்தில் இருந்திருக்கும்.

இதிலிருந்து தப்ப இரண்டு வழிகள் உண்டு. நான்கு தடங்களையும் படத்துக்கே ஒதுக்கும் டாக்குகள் இருக்கின்றன. அப்போது டாக்கின் யுஎஸ்பி போர்ட்டுகள் எல்லாம் பழைய 480 மெகாபிட் வேகத்துக்கு இறங்கிவிடும். கீபோர்டு, மவுஸ் மட்டும் செருகுபவருக்கு அது நஷ்டமில்லை, வெளி எஸ்எஸ்டி வைத்திருப்பவர் நொந்துபோவார். இன்னொன்று டிஎஸ்சி என்ற சுருக்கும் முறை. லேப்டாப்பின் கிராபிக்ஸ் சிப்பு, டாக் இரண்டும் அதை அறிந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாத அளவில் படத்தைச் சுருக்கி, இரண்டு தடங்களிலேயே இரண்டு 4கே 60 ஹெர்ட்ஸைக் கொண்டுபோய்விடலாம். இரண்டில் ஒன்றுக்குத் தெரியாவிட்டாலும் நடக்காது. பழைய லேப்டாப்பில் புது டாக் ஏமாற்றுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

உங்கள் மானிட்டர்கள் 4கேயாக இல்லாமல் 1920க்கு 1080 ரகமாக இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. அது ஒவ்வொன்றுக்கும் 3 ஜிகாபிட் சொச்சம்தான் வேண்டும், இரண்டும் சுகமாகப் போகும்.

மேக்கின் கதை வேறு. அந்த டாக் ஒரே டிஸ்ப்ளேபோர்ட் ஓட்டத்துக்குள் இரண்டு திரையின் படத்தை மடித்து வைத்து அனுப்பும் எம்எஸ்டி என்ற முறையை நம்பியிருக்கிறது. விண்டோஸ், லினக்ஸ், குரோம்ஓஎஸ் மூன்றும் அதைப் பிரித்து இரண்டு தனித் திரைகளாகக் காட்டும். மேக்ஓஎஸ் அப்படிக் காட்டுவதில்லை. ஒரே திரை என்று நினைத்து ஒரே படத்தை இரண்டிலும் போடும். அமைப்புகளில் எவ்வளவு தேடினாலும் இதை மாற்றும் பொத்தான் கிடைக்காது. அதற்கு மேல், எம்2 சிப்புக்கே ஒரு வரம்பு உண்டு. சாதாரண எம்1, எம்2 சிப்பு உள்ள மேக்புக்குகள் ஒரேயொரு வெளித் திரையைத்தான் ஓட்டும். எம்3 ஏரில் மூடியை மூடினால் இரண்டு. எம்4 ஏரில் மூடி திறந்திருந்தாலும் இரண்டு. எம்1 புரோவிலிருந்து தொடங்கி 'புரோ' சிப்புகள் இரண்டை ஓட்டும். ஆக, எவ்வளவு விலை உயர்ந்த தண்டர்போல்ட் டாக்கை வாங்கி வைத்தாலும் உங்கள் எம்2 ஏர் அதன் வழியாக நேரடியாக ஒரு திரையைத்தான் காட்டும். இதை அழுத்திச் சொல்லக் காரணம், 'மேக்குக்குத் தண்டர்போல்ட் வாங்கு, எல்லாம் சரியாகிவிடும்' என்ற யோசனை உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள்.

இங்கேதான் டிஸ்ப்ளேலிங்க் உள்ளே வருகிறது. உண்மையில் 'யுனிவர்சல்' என்ற பெயருக்கு ஓரளவு நியாயம் செய்வது இந்த ரகம்தான். டிஸ்ப்ளேலிங்க் என்பது ஒரு சிப்பு வரிசை. 2020 முதல் சினாப்டிக்ஸ் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. இது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. லேப்டாப்பில் ஓடும் ஒரு மென்பொருள் திரைக்குப் போக வேண்டிய படத்தை எடுத்துச் சுருக்கி, சாதாரணக் கோப்பை அனுப்புவது போல யுஎஸ்பி தரவாக அனுப்பும். டாக்குக்குள் இருக்கும் சிப்பு அதை விரித்து மானிட்டருக்குக் கொடுக்கும். லேப்டாப்பின் கண்ணுக்கு அது வெறும் யுஎஸ்பி சாதனம் என்பதால், படத்தை வெளியே விடாத போர்ட்டிலும் வேலை செய்யும், பழைய செவ்வக யுஎஸ்பி-ஏ போர்ட்டிலும் வேலை செய்யும், எம்2இன் ஒரு திரை வரம்பும் தடுக்காது. டிஎல்-6950 என்ற சிப்பு உள்ள டாக், 5 ஜிகாபிட் யுஎஸ்பி போர்ட் வழியாகவே இரண்டு 4கே 60 ஹெர்ட்ஸ் திரைகளை ஓட்டும். பெட்டியிலோ விவரப் பக்கத்திலோ இந்த எண்ணைத் தேடுங்கள்; பழைய 3000 வரிசைச் சிப்புகள் இந்த அளவுக்கு வராது.

சுற்றி வருவதால் சில இழப்புகளும் உண்டு. சுருக்குகிற வேலையில் லேப்டாப்பின் பிராசசர் கொஞ்சம் வேர்க்கும். எழுத்து, எக்செல், கோடிங், மீட்டிங் இவற்றுக்கெல்லாம் வித்தியாசமே தெரியாது. வேகமான கேம் விளையாடுபவருக்கும் நிறம் பார்த்து வீடியோ வெட்டுபவருக்கும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். மேக்கில் இந்த மென்பொருளுக்குத் 'திரைப் பதிவு' அனுமதி கொடுத்தாக வேண்டும். திரையிலிருந்து படத்தை எடுப்பதுதானே அதன் வேலை? ஆனால் அதன் விளைவு, யாரோ திரையைப் பதிவு செய்வதாக மேக் நினைத்துக்கொள்ளும். நகலெடுக்க முடியாதபடி பாதுகாப்புப் போட்ட படங்களைக் காட்டும் தளங்களில் வீடியோ இருக்கும் இடம் கறுப்பாக வரும். இது பழுதில்லை. அப்புறம், லாகின் செய்து அந்த மென்பொருள் ஓடத் தொடங்கும் வரை அந்தத் திரை உயிர் பெறாமல் இருக்கலாம். கணினி தொடங்கும்போது, விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸின் திரை அதில் நிச்சயம் தெரியாது.

இப்போது உங்கள் இரண்டு லேப்டாப்பையும் சேர்த்து யோசித்தால், எனக்குப் படுவது இதுதான்: ஒரு வெளியீடு நேரடி டிஸ்ப்ளேபோர்ட் வழியிலும், மற்றவை டிஸ்ப்ளேலிங்க் வழியிலும் வரும் கலப்பு டாக் ஒன்றை வாங்குங்கள். முதன்மை மானிட்டரை நேரடி வெளியீட்டில் மாட்டுங்கள். மேக்கின் ஒரு திரை உரிமை அதில் செலவாகும். இரண்டாவது திரை டிஸ்ப்ளேலிங்கில் வரும். லாகின் திரையும் முதன்மைத் திரையிலேயே வரும். விண்டோஸ் பக்கமும் கணக்கு நேராகிறது: டிஸ்ப்ளேபோர்ட் 1.4இன் இரண்டு தடங்களில் ஒரு 4கே 60 ஹெர்ட்ஸ் அடங்கிவிடும் என்று மேலே பார்த்தோமே, இன்னொன்று யுஎஸ்பி தடத்தில் போய்விடும். எல்லா வெளியீடுகளும் டிஸ்ப்ளேலிங்காக இருக்கும் டாக்கும் ஓடும். கலப்பு டாக் கையில் கிடைக்கும்போது அதற்குப் போக வேண்டிய அவசியமில்லை என்பதுதான் என் எண்ணம்.

வாங்கும் முன் ஒன்றை உறுதி செய்யுங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் மென்பொருள் நிறுவ உங்களுக்கு அனுமதி இருக்கிறதா? டிஸ்ப்ளேலிங்க் டிரைவர், அதாவது மேலே சொன்ன அந்த மென்பொருள், பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட் வழியாகத் தானாகவே இறங்கிவிடும். ஆனால் ஐடி பிரிவு அதைப் பூட்டி வைத்திருந்தால் அந்த லேப்டாப்பில் இரண்டாவது திரை இருட்டுதான். முன்கூட்டியே கேட்டுவிட்டால் ஒரு மின்னஞ்சலில் முடிகிற காரியம்.

தண்டர்போல்ட் டாக் பக்கம் எப்போது போகலாம்? இரண்டு லேப்டாப்பிலும் தண்டர்போல்ட் இருந்து, மேக் இரண்டு திரையைத் தானே ஓட்டும் சிப்பாக இருந்தால் தாராளமாகப் போகலாம். தண்டர்போல்ட் 3, 4 இரண்டும் 40 ஜிகாபிட். படம், வேகமான எஸ்எஸ்டி, நெட்வொர்க் எல்லாம் நெரிசலில்லாமல் ஓடும், டிரைவர் தொல்லை கிடையாது. 2023இல் அறிவிக்கப்பட்ட தண்டர்போல்ட் 5இல் அது 80 ஜிகாபிட். உங்கள் ஆபீஸ் லேப்டாப்பில் தண்டர்போல்ட் இல்லையென்றால் அந்தப் பணத்தைக் கொட்டுவது, சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் என்ற கதையாகிவிடும். தண்டர்போல்ட் 3 காலத்து டாக்குகள் சில, தண்டர்போல்ட் இல்லாத யுஎஸ்பி-சி லேப்டாப்பில் செருகினால் ஒன்றுமே செய்யாமல் சும்மா இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மின்சாரத்துக்கு வருவோம். நீங்கள் வைத்திருப்பது தனக்கென்று சார்ஜர் இல்லாத, லேப்டாப்பின் சார்ஜரையே தன் வழியாகக் கடத்திவிடும் ஹப். இந்த வகை, வந்த மின்சாரத்தில் ஒரு பங்கைத் தனக்கும் தன்னில் செருகியவற்றுக்கும் எடுத்துக்கொண்டு மீதியைத்தான் லேப்டாப்புக்கு விடும். 100 வாட் சார்ஜரை ஏற்கும் பல ஹப்கள் லேப்டாப்புக்கு 85 வாட் கொடுக்கும். உங்கள் 65 வாட் சார்ஜரைச் செருகினால் ஆபீஸ் லேப்டாப்புக்குப் போய்ச் சேருவது 50 வாட் சுற்றளவில் இருக்கும். கேமரா, மைக், இரண்டு திரை, நாற்பது டேப் என்று ஓடும் மீட்டிங்கில் அது போதாமல் பேட்டரியிலிருந்து கடன் வாங்குகிறது. சொந்தமாக அடாப்டர் உள்ள டாக்கை எடுங்கள். அதிலும் அடாப்டரின் வாட்டைப் பார்த்து மயங்காமல், 'லேப்டாப்புக்கு எத்தனை வாட்' என்று தனியாகக் கொடுத்திருக்கும் எண்ணைப் பாருங்கள். லேப்டாப்போடு வந்த சார்ஜரின் அளவுக்குக் குறையாமல் அந்த எண் இருக்க வேண்டும். மேக்புக் ஏருக்கு 60 வாட்டே அதிகம், ஆபீஸ் லேப்டாப்பை வைத்து முடிவு செய்யுங்கள். 85க்கு மேல் இருந்தால் நிம்மதி. 130 வாட், 180 வாட் சார்ஜரோடு வந்த கனமான லேப்டாப்புகள் பொது டாக்கில் மெதுவாகச் சார்ஜ் ஆகும், சில வேளை 'குறைந்த சக்தி சார்ஜர்' என்று எச்சரிக்கவும் செய்யும். யுஎஸ்பி மின்வழங்கல் விதி 2021இல் 240 வாட் வரை உயர்த்தப்பட்டாலும், பொது டாக்குகளில் 100 வாட்தான் வழக்கமான உச்சம்.

கேபிளைப் பற்றித் தனியாகப் புலம்ப வேண்டும். ஒருமுறை டாக்கோடு வந்த கேபிள் குட்டையாக இருந்ததால், போன் சார்ஜரின் நீளமான யுஎஸ்பி-சி கேபிளை மாட்டினேன். லேப்டாப் சார்ஜ் ஆனது, கீபோர்டு வேலை செய்தது, இரண்டு மானிட்டரும் மட்டும் காணவில்லை. டிரைவரை நீக்கினேன், மறுபடி நிறுவினேன், மானிட்டரைச் சந்தேகப்பட்டேன், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இரண்டு மாலைகள் போயின. சார்ஜிங் கேபிள்கள் பலவற்றில் அந்த நான்கு வேகத் தடங்களுக்கான கம்பிகளே கிடையாது. மின்சாரமும் யுஎஸ்பி 2.0வும் மட்டும்தான். கம்பியே இல்லாத இடத்தில் படம் எப்படிப் போகும்? இப்போது டாக்கோடு வந்த கேபிளில் ஒரு துண்டு நிறநாடா ஒட்டி வைத்திருக்கிறேன், வீட்டில் வேறு யாரும் அதைப் போனுக்கு எடுத்துக்கொண்டு போய்விடாமல் இருக்க.

நீளமான கேபிள் வாங்கியே தீர வேண்டுமானால், வேகமும் வாட்டும் இரண்டும் குறிப்பிட்டதை வாங்குங்கள். 60 வாட்டுக்கு மேல் போக, கேபிளுக்குள் அடையாளச் சிப்பு இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் சார்ஜர் தானே அடக்கிக்கொள்ளும். யுஎஸ்பி-சிக்கு நீட்டிப்புக் கேபிள் என்பது விதிமுறையிலேயே கிடையாது, விற்றாலும் வாங்காதீர்கள். மானிட்டர் பக்கத்துக் கேபிளும் முக்கியம். டாக்கின் எச்டிஎம்ஐ 1.4 என்றால் 4கே 30 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், 2.0 என்றால் 60 போகும். டாக்கில் டிஸ்ப்ளேபோர்ட், மானிட்டரில் எச்டிஎம்ஐ என்றால் மாற்றிக் கேபிள் எளிதாகக் கிடைக்கும். மறுபக்கமாக, டாக்கில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் என்றால் சாதாரணக் கேபிள் வேலை செய்யாது. தனி மின்சாரம் வாங்கும் மாற்றி வேண்டும். இந்த ஒன்றைக் கவனித்து, மானிட்டருக்குப் பொருந்தும் வெளியீடுகள் உள்ள டாக்கையே எடுத்துவிடுங்கள்.

மற்ற போர்ட்டுகளைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். உங்களிடம் இருப்பதை எண்ணி, மேலே இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். எஸ்டி கார்டு வாய், முன்பக்க ஹெட்போன் முனை போன்றவை இருந்தால் நல்லது.

இனி அமைப்பது. புது டாக் வந்ததும் முதல் வேலையாக லேப்டாப்பின் பயாஸ், கிராபிக்ஸ் டிரைவர் இரண்டையும் புதுப்பியுங்கள். தண்டர்போல்ட், யுஎஸ்பி-சி சம்பந்தப்பட்ட கோளாறுகளில் பல இதிலேயே போய்விடும். டாக்குக்குள்ளேயே இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேருக்கு அப்டேட் இருந்தால் மானிட்டர்களை மாட்டுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள், நடுவில் கேபிளைப் பிடுங்கக் கூடாது. பிறகு டாக்கைச் சுவர் மின்சாரத்தில் மாட்டி, மானிட்டர்களை டாக்கில் மாட்டி எரியவிட்டு, கடைசியாக லேப்டாப்பைச் செருகுங்கள். லேப்டாப் கடைசியில் வர வேண்டும். எல்லாம் தயாராக இருக்கும்போது அது வந்து கைகுலுக்கினால் குழப்பம் குறைவு. மானிட்டர் மெனுவில் சரியான உள்ளீடு தேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். 'படம் வரவில்லை' என்று என்னை அழைத்தவர்களில் பலருக்கு வியாதி இதுவாகத்தான் இருந்தது.

மேக்கில் டிஸ்ப்ளேலிங்க் மேனேஜரை நிறுவி, திரைப் பதிவு அனுமதியைக் கொடுத்து, லாகின் ஆனதும் தானே தொடங்கும்படி வையுங்கள். பிறகு டிஸ்ப்ளே அமைப்பில் திரைகளை மேசையில் இருக்கும் வரிசைக்கு இழுத்து வையுங்கள். விண்டோஸில் விண்டோஸ் பொத்தானோடு 'பி'யை அழுத்தி 'நீட்டிப்பு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதன்பின் மேம்பட்ட டிஸ்ப்ளே பக்கத்துக்குப் போய், ஒவ்வொரு திரைக்கும் 60 ஹெர்ட்ஸ் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். தானாக 60 வந்துவிடும் என்று நம்பாதீர்கள். 30 மட்டும் தெரிந்தால் முதலில் எச்டிஎம்ஐ கேபிளை மாற்றிப் பாருங்கள், பிறகு வெளியீட்டை மாற்றிப் பாருங்கள்.

லேப்டாப் மூடியை மூடி வைத்து வேலை பார்ப்பதானால், விண்டோஸ் பவர் அமைப்பில் 'மூடியை மூடினால்' என்ற இடத்தில் மின்சாரத்தில் இருக்கும்போது 'ஒன்றும் செய்யாதே' என்று வையுங்கள். மேக்குக்கு மின்சாரமும் வெளிக் கீபோர்டும் மவுஸும் இருந்தால் போதும். தூங்கி எழுந்ததும் ஜன்னல்கள் எல்லாம் ஒரே திரையில் குவிந்து கிடப்பது பலருக்கும் பெரிய எரிச்சல். விண்டோஸ் 11இல் மானிட்டர் இணைப்பை வைத்து ஜன்னல்களின் இடத்தை நினைவில் வைக்கும் ஒரு தேர்வு இருக்கிறது, அதை இயக்குங்கள். மானிட்டர் மெனுவில் ஆழ்ந்த தூக்கம் என்பது போல ஏதாவது இருந்தால் அணைத்துவிடுங்கள்.

ஒலி ஒரு சின்னச் சூழ்ச்சி செய்யும். டாக்கைச் செருகியதும் டாக்கின் ஹெட்போன் முனை, இரண்டு மானிட்டர்கள் என்று மூன்று புதிய ஒலி வெளியீடுகள் முளைக்கும். மீட்டிங்கில் எல்லாரும் பேசுவார்கள், உங்களுக்கு எதுவும் கேட்காது; ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்கு ஒலி போய்க்கொண்டிருக்கும். பயன்படுத்தாத வெளியீடுகளை ஒலி அமைப்பில் ஒரேயடியாக முடக்கிவிட்டால் தொல்லை விட்டது.

வயர்லெஸ் மவுஸ் தடுமாறினால் மவுஸைத் திட்டாதீர்கள். யுஎஸ்பி 3 போர்ட்டும் கேபிளும் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கசியவிடும். மவுஸின் குட்டி ரிசீவர் பேசுவதும் அதே அலைவரிசையில்தான். இன்டெல் 2012இலேயே இதை விளக்கி ஓர் ஆவணம் வெளியிட்டது. ரிசீவரை டாக்கின் முதுகிலிருந்து எடுத்து, ஒரு சாதாரண யுஎஸ்பி 2.0 நீட்டிப்புக் கேபிளில் மாட்டி மவுஸுக்குப் பக்கத்தில் வையுங்கள். புளூடூத்தும் வைஃபையும் தடுமாறுவதற்கும் சில வேளை இதே காரணம்தான். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் டாக்கின் ஈதர்நெட்டில் கேபிளைச் செருகிவிடுங்கள். அந்த ஈதர்நெட்டுக்கு டாக்கின் சொந்த முகவரி இருக்கும். ஆபீஸ் நெட்வொர்க் பதிவு செய்த முகவரியை மட்டும் உள்ளே விடும் என்றால் புது முகவரியை ஐடி பிரிவிடம் சொல்ல வேண்டியிருக்கும்.

டாக் கதகதப்பாக இருப்பது இயல்பு. தாள்களுக்கு அடியிலும் லேப்டாப்புக்கு அடியிலும் அதைத் திணிக்காதீர்கள். வெளி டிஸ்க் செருகியிருக்கும் நாளில், லேப்டாப்பைப் பிடுங்குவதற்கு முன் டிஸ்கை முறையாக வெளியேற்றுங்கள். ஒரே கேபிளைப் பிடுங்கும் சுகத்தில் பலர் மறந்துபோவது இதைத்தான்.

எல்லாம் செய்தும் ஏதாவது முரண்டு பிடித்தால், டாக்கின் மின்சாரத்தைப் பிடுங்கி, லேப்டாப்பையும் கழற்றி, அரை நிமிடம் விட்டு மறுபடி அதே வரிசையில் மாட்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால் டாக்கை ஓரம் வைத்து, ஒரு மானிட்டரை மட்டும் லேப்டாப்பில் நேரடியாக மாட்டிப் பாருங்கள். படம் வந்தால் கோளாறு டாக்கிலோ அதன் கேபிளிலோ. வராவிட்டால் லேப்டாப், மானிட்டர், அவற்றை இணைக்கும் கேபிள் மூன்றில் ஒன்றில். இரண்டாவது லேப்டாப் கையில் இருப்பது உங்களுக்குப் பெரிய வசதி: ஒன்றில் ஓடி இன்னொன்றில் ஓடாத கோளாறு அநேகமாக டாக்குடையதாக இருக்காது.

இப்போது வாங்கிய ஹப்பைத் திருப்பிக் கொடுக்கும் நாள் இன்னும் இருந்தால் கொடுத்துவிடுங்கள். நாள் கடந்திருந்தால் பையில் போட்டு வையுங்கள். வெளியூரில் ஒரு திரை, ஒரு பென் டிரைவ், ஒரு மவுஸ் என்ற அளவுக்கு அது நன்றாகவே உழைக்கும், 100 வாட் சார்ஜர் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் பேட்டரியும் இறங்காது.